வேர் சிகிச்சை செய்த பல் மறுபடி தொல்லை தருகிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

ரூட் கேனால் முடிந்து, கேப்பும் போட்டு, பணமும் கட்டிய பிறகு அதே பல் மறுபடி வலித்தால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். "நரம்பையே எடுத்தாச்சே, அப்புறம் எப்படி டாக்டர் வலிக்கும்?" இதுதான் என்னிடம் வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி. நியாயமான கேள்வி. எடுத்தது பல்லுக்குள் இருந்த நரம்பை மட்டும். பல்லைத் தாடையோடு பிடித்து வைத்திருக்கும் நாரும், அதைச் சுற்றியுள்ள எலும்பும் உயிரோடுதான் இருக்கின்றன. வேர் நுனி வழியாகக் கிருமி கசிந்தால் வலிப்பது அந்த இடம்.

வேர் சிகிச்சை தோற்றுப்போவதற்கு எத்தனையோ காரணங்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அவற்றின் அடியில் இருப்பது கிருமி ஒன்றுதான். 1965ல் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஜெரால்ட் என்ற மூன்று ஆய்வாளர்கள் எலிகளின் பல்லில் துளை போட்டு, உள்ளே நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் பற்கூழைத் திறந்தபடியே விட்டுப் பார்த்தார்கள். சாதாரண எலிகளுக்குப் பற்கூழ் அழுகிச் சீழ் கட்டியது. கிருமியே இல்லாத கூண்டில் வளர்ந்த எலிகளுக்கு, துளைக்குள் உணவுத் துணுக்கு அடைத்துக் கிடந்தபோதும் அந்த இடம் தானாக மூடி ஆறியது. அதனால் மறுபடி வலிக்கும் பல் ஒன்று வந்தால் நான் தேடுவது இதைத்தான்: முதல் முறை உள்ளேயே தங்கிவிட்ட கிருமியா, பிறகு புதிதாக நுழைந்த கிருமியா? இதற்கு விடை தெரிந்தால்தான் மறுபடி செய்வதில் பயன் உண்டா என்று சொல்ல முடியும்.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்குப் போங்கள். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

இவை இருந்தால் காத்திருக்க வேண்டாம்

தாடைக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம், வாயைத் திறக்க முடியாமை, எச்சில் விழுங்கச் சிரமம், குரல் மாறுவது, மூச்சுத் திணறல், கண் வீங்கி மூடிக்கொள்வது, வீக்கத்தோடு குளிர்காய்ச்சல். இவற்றில் ஒன்று இருந்தாலும், இரவு எத்தனை மணியானாலும், பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் நாக்குக்கு அடியில் பரவினால் மூச்சுப்பாதையையே அடைத்துவிடும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

இன்னொன்று. மாடிப்படி ஏறும்போது கீழ்த்தாடையில் வலி வந்து, உட்கார்ந்தால் குறைகிறது, கூடவே வியர்க்கிறது என்றால் அது இதயத்திலிருந்து வரும் வலியாக இருக்கலாம். பல் டாக்டரைத் தேடாமல் நேராக ஈ.சி.ஜி. எடுக்கப் போங்கள்.

முதல் வாரத்தில் வலி

இது பெரும்பாலும் தோல்வியின் அடையாளம் ஆகாது. வேர் நுனிவரை ஊசி போன்ற ஃபைல்களை விட்டுச் சுத்தம் செய்திருப்பார்கள். அந்த இடம் இரண்டு நாள் கொதித்துவிட்டுப் பிறகு தணியும். கவனிக்க வேண்டியது வலி போகும் திசையை. நேற்றைவிட இன்று குறைவு என்றால் டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையோடு பொறுத்திருக்கலாம். நாளுக்கு நாள் கூடினாலோ, கன்னம் வீங்கினாலோ உடனே சிகிச்சை செய்தவரிடமே போங்கள். பல்லைத் திறந்து மறுபடி கழுவி, தேவையானால் சீழை வடித்து மூடுவார்.

கடித்தால் மட்டும் வலி

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. எளிதானதிலிருந்து தொடங்குவோம்.

புது அடைப்போ கேப்போ போட்ட உடனே தொடங்கிய வலி என்றால், பல் ஒரு மயிரிழை உயரமாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வாயை மூடும்போது மற்ற பற்களுக்கு முன்னால் இந்தப் பல் இடிப்பது உங்களுக்கே தெரியும். டாக்டர் ஒரு நீலக் காகிதத்தைக் கடிக்கச் சொல்லி, அழுத்தமாகப் புள்ளி விழும் இடத்தைத் தேய்த்துக் குறைத்தால் சில நாட்களில் சரியாகிவிடும். இதற்காக யாரும் ரூட் கேனாலை மறுபடி செய்துகொள்ளத் தேவையில்லை.

சில மாதமோ வருடமோ நன்றாக இருந்துவிட்டு, இப்போது கடித்தால் மந்தமாக வலிக்கிறது, பல்லைத் தட்டினாலும் வலிக்கிறது என்றால் வேர் நுனியில் கிருமி வேலை செய்கிறது. எக்ஸ்ரேயில் நுனியைச் சுற்றிக் கறுப்பாகத் தெரிய வாய்ப்பு அதிகம். மறு சிகிச்சைக்குப் பொருத்தமான நிலை இது.

மூன்றாவது விரிசல். ஒரு குறிப்பிட்ட கோணத்தில், முறுக்கையோ வறுத்த கடலையையோ கடிக்கும்போது மட்டும் சுருக்கென்று வலிக்கும். சில சமயம் அழுத்தத்தை எடுக்கும் நொடியில் வலிக்கும். இந்த வலியை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டாக்டர் மெல்லிய அளவுகோலை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டுச் சுற்றிலும் அளப்பார். எல்லாப் பக்கமும் 2, 3 மில்லிமீட்டர் இறங்கும் கோல் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் சடாரென்று 8, 9 மில்லிமீட்டர் இறங்கினால், வேர் நெடுக்கில் பிளந்திருக்கிறது என்று பலமாகச் சந்தேகிக்கலாம். வேருக்குள் உலோகக் கம்பி வைத்துக் கட்டிய பற்களில் இதை அதிகம் பார்க்கலாம். விரிசல் சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. பல்லை முப்பரிமாணமாகக் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேனிலும், உள்ளே இருக்கும் கம்பியும் அடைப்பும் கோடு கோடாக நிழல் போட்டு ஏமாற்றிவிடும். ஈறைச் சற்று விலக்கிச் சாயம் தடவிக் கண்ணால் பார்ப்பதே உறுதியான வழி.

வேர் பிளந்திருந்தால் மறு சிகிச்சையால் பலன் இல்லை. பல வேர்கள் உள்ள பல்லில் சில சமயம் பிளந்த வேரை மட்டும் வெட்டி எடுத்து மீதியைக் காப்பாற்றலாம். ஒற்றை வேர்ப் பல் என்றால் எடுக்கத்தான் வேண்டும். இதை உறுதி செய்யாமலே மறு சிகிச்சை தொடங்கி, நோயாளியின் பணமும் நம்பிக்கையும் வீணாவதைப் பார்க்கும்போது மனசு வருத்தப்படும். அதனால் கடித்தால் வலி என்று போகிறவர்கள் "விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டீர்களா?" என்று வாய் திறந்து கேளுங்கள்.

ஐஸ் பட்டால் கூச்சம், சூடான காபி பட்டால் சுரீர்

பற்கூழை முழுவதும் எடுத்த பல்லுக்குக் குளிரும் சூடும் தெரியாது. தெரிகிறது என்றால் ஒன்று, கூசுவது பக்கத்துப் பல். பெரும்பாலும் இதுதான். அந்தப் பல்லில் புதுச் சொத்தை இருக்கும், அல்லது ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும். டாக்டர் ஒவ்வொரு பல்லாகக் குளிர்ந்த பஞ்சை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இல்லையென்றால், வேருக்குள் நரம்பு ஓடும் வேர்க்குழாய் ஒன்று கவனிக்கப்படாமலே விட்டுப்போயிருக்கிறது, அதற்குள் இன்னும் உயிர் இருக்கிறது. இதில் பேர் போனது மேல்தாடையின் முதல் கடைவாய்ப் பல். மூன்று வேர், மூன்று குழாய் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கன்னத்துப் பக்கம் முன்னால் இருக்கும் வேருக்குள் நான்காவதாக ஒரு குழாய் பாதிக்கு மேற்பட்ட பற்களில் உண்டு. அதன் வாய் மிகச் சிறியது. பெரும்பாலும் அதன் மேல் ஒரு மெல்லிய பல்திசு விளிம்பு மூடியிருக்கும்.

மைக்ராஸ்கோப்பில் அந்தப் பல்லின் உள்தரையைப் பார்த்தால் ஏற்கெனவே அடைத்த மூன்று குழாய்களும் இளஞ்சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். முன்பக்கப் புள்ளியிலிருந்து அண்ணத்துப் பக்கம் நோக்கி மங்கலான கோடு ஒன்று ஓடும். அந்தக் கோட்டின் மேல் அல்ட்ராசோனிக் முனையை வைத்து, தூசு தூசாகச் சுரண்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் வெள்ளைத் தூள் போய்த் தங்கி நிற்கும். அங்கே மிக மெல்லிய ஃபைலை வைத்து அழுத்தினால் நுனி சிக்கிக்கொண்டு நிற்கும். அதுதான் விட்டுப்போன குழாய். கீழ் முன்பற்களிலும் ஒரே வேருக்குள் இரண்டு குழாய்கள் இருப்பது அபூர்வம் இல்லை. கீழ்க் கடைவாய்ப் பல்லில் சிலருக்கு மூன்றாவதாகவே ஒரு வேர் இருக்கும்.

முதலில் சிகிச்சை செய்தவர் அக்கறையில்லாதவர் என்று இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். சாதாரண எக்ஸ்ரே பல்லை முன்னும் பின்னுமாக அமுக்கி ஒரே படமாகக் காட்டுகிறது. ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் இரண்டு குழாய்கள் ஒன்றாகத்தான் தெரியும். கோணத்தை மாற்றி இன்னொரு படம் எடுத்தாலோ, சி.பி.சி.டி. எடுத்தாலோதான் பிரிந்து தெரியும்.

ஈறில் கொப்புளம் வருகிறது, உடைகிறது, திரும்ப வருகிறது

மறு சிகிச்சைக்கு வருபவர்கள் அதிகம் அலட்சியம் செய்யும் அறிகுறி இதுதான். காரணம், வலிக்காது. சீழ் எலும்புக்குள் அடைபட்டிருக்கும்போதுதான் வலி. ஈறு வழியாக வெளியேற வழி கிடைத்துவிட்டால் வலி நின்றுவிடும். வாயில் ஒரு மாதிரி உப்புச் சுவை, கொஞ்சம் நாற்றம், அவ்வளவுதான். "அதுவா உடைஞ்சு சரியாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். அது வடிந்துகொண்டிருக்கும் காலமெல்லாம் உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கிறது.

கொப்புளம் எந்தப் பல்லுக்கு நேராக இருக்கிறதோ அந்தப் பல்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிக்க எளிமையான ஒரு சோதனை உண்டு. வேரை அடைக்கப் பயன்படுத்தும் கட்டா பெர்ச்சா என்ற ரப்பர் போன்ற மெல்லிய குச்சியைக் கொப்புளத்தின் வாய்க்குள் மெதுவாக நுழைத்து, தடை வரும்வரை தள்ளி, அப்படியே எக்ஸ்ரே எடுப்பார்கள். படத்தில் குச்சி வெள்ளைக் கோடாக வளைந்து போய் எந்த வேரின் நுனியைத் தொடுகிறதோ அந்தப் பல்லில்தான் பிரச்சினை. நுனியைத் தொடாமல் வேரின் பாதியிலேயே முட்டி நின்றால், பக்கவாட்டில் ஓட்டையோ விரிசலோ இருக்கலாம் என்று யோசிக்க வேண்டும்.

மெடிக்கலில் சொல்லி ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்வது இங்கே பயன்படாது. மருந்து ரத்தத்தோடுதான் பயணம் செய்யும். பற்கூழ் எடுத்த வேருக்குள் ரத்த ஓட்டமே கிடையாது. வெளியே கொஞ்சம் அடங்கும், மாத்திரை நின்றதும் கொப்புளம் திரும்பும். மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்த்துவிடுவதுதான் மிச்சம். காய்ச்சலும் பரவும் வீக்கமும் இருந்தால் மட்டும், டாக்டர் எழுதினால் மட்டும் ஆன்டிபயாடிக். வேருக்குள் இருக்கும் கிருமியை அகற்றிவிட்டால் கொப்புளம் எந்தத் தனி மருந்தும் இல்லாமல் சில வாரங்களில் மூடிக்கொள்ளும். அது மூடுவதுதான் மறு சிகிச்சை சரியான பாதையில் போகிறது என்பதற்கு முதல் அடையாளம்.

கேப் கழன்றுவிட்டது, அடைப்பு விழுந்துவிட்டது, அல்லது கேப் போடவே இல்லை

வலி இல்லாவிட்டாலும் இதற்கு அவசரம் உண்டு. வேர்க்குழாயை எவ்வளவு நன்றாக அடைத்திருந்தாலும், மேலே மூடி இல்லாமல் எச்சிலில் ஊறினால் கிருமி மெல்ல மெல்ல நுனிவரை இறங்கிவிடும். அமெரிக்காவில் ரே, ட்ரோப் இருவரும் 1995ல் வெளியிட்ட ஆய்வு இதை எண்களாகக் காட்டியது. வேர் அடைப்பும் மேல் அடைப்பும் நன்றாக இருந்த பற்களில் சுமார் 91 சதவீதம் நோய் அறிகுறி இல்லாமல் இருந்தன. வேர் அடைப்பு நன்றாக இருந்தும் மேல் அடைப்பு மோசமாக இருந்தவற்றில் அது 44 சதவீதமாக விழுந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் வேர் அடைப்புக்கும் சம பங்கு உண்டு என்று சொல்கின்றன. ஆனாலும் மேல் மூடியை அலங்காரம் என்று நினைக்க முடியாது என்பது உறுதியாகிவிட்டது. 2002ல் அக்விலினோ, காப்லன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், கேப் போடாத பற்கள் போட்டவற்றைவிட 6 மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டன.

வேர் சிகிச்சையோடு வலி நின்றுவிடுகிறது, கேப்புக்குத் தனியாகப் பணம் வேண்டும், தீபாவளி முடியட்டும், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் கட்டிவிட்டு வருகிறேன் என்று தள்ளிப் போகிறது. கஷ்டம் எனக்குப் புரிகிறது. அப்படித் தள்ளிப் போடத்தான் வேண்டும் என்றால், தற்காலிக அடைப்போடு மட்டும் போய்விடாதீர்கள். அது சில வாரத்துக்குத்தான் தாங்கும். டாக்டரிடம் நிலைமையைச் சொல்லி, உறுதியான நிரந்தர அடைப்பாவது வைத்துத் தரச் சொல்லுங்கள்.

கேப் கழன்றிருந்தால் அதைப் பத்திரப்படுத்தி இரண்டொரு நாளில் போங்கள். வீட்டில் இருக்கும் சூப்பர் க்ளூ வகையறாவால் ஒட்ட வேண்டாம். எச்சில் பட்டது சில நாள்தான், உள் அடைப்பு கெட்டியாக இருக்கிறது என்றால் சுத்தம் செய்து திரும்ப ஒட்டிவிடலாம். மாதக்கணக்கில் திறந்து கிடந்தது என்றால், வலி இல்லாவிட்டாலும், மறு சிகிச்சை செய்துவிட்டுப் புதுக் கேப் போடுவதுதான் பாதுகாப்பு.

வலியே இல்லை, ஆனால் எக்ஸ்ரேயில் கறுப்பு இருக்கிறதாம்

பயந்து உடனே தலையாட்டிவிடாதீர்கள், அலட்சியமும் செய்யாதீர்கள். கரைந்த எலும்பு மறுபடி வளர மாதங்கள் ஆகும். சிலருக்கு முழுதாக ஆற 4 ஆண்டுகள்வரைகூட ஆகலாம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு இன்னும் தாமதமாகும். அதனால் ஒரே ஒரு படத்தை வைத்துத் தோல்வி என்று சொல்லக் கூடாது. சிகிச்சைக்கு முன் எடுத்த பழைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கறுப்பு சுருங்கியிருந்தால் ஆறிக்கொண்டிருக்கிறது, காத்திருக்கலாம். அப்படியே இருந்தாலோ பெருத்திருந்தாலோ, முன்பு இல்லாத இடத்தில் புதிதாக வந்திருந்தாலோ மறு சிகிச்சை பற்றிப் பேசலாம். பழைய படம் கையில் இல்லாதவர்களுக்குத்தான் சிக்கல். சிகிச்சை முடிந்ததும் எக்ஸ்ரே நகலை வாங்கி ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

"உள்ளே ஊசி உடைஞ்சிருக்கு" என்று யாராவது சொல்லி அதனால் பயந்து வருபவர்களும் உண்டு. உடைந்த ஃபைல் துண்டு தன்னால் நோயை உண்டாக்காது. அதற்கு அப்பால் இருக்கும் பகுதியைச் சுத்தம் செய்ய முடியாமல் போயிருந்தால்தான் தொல்லை. அறிகுறியும் இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தம் என்றால் அதைத் தோண்டி எடுக்கப் போய் வேரைப் பலவீனமாக்குவதைவிட விட்டுவைத்துக் கண்காணிப்பது மேல்.

பல்லில் இல்லாத வலி

ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமும் அடைப்பும் மாதக்கணக்கில் இருந்தால், மேல் கடைவாய்ப் பல்லின் கிருமி சைனஸுக்குள் போயிருக்கலாம். காது மூக்கு தொண்டை டாக்டரும் பல் டாக்டரும் சேர்ந்து பார்க்க வேண்டிய விஷயம் இது. முகம் கழுவும்போதோ பல் தேய்க்கும்போதோ மின்சாரம் பாய்ந்தது போல நொடி நேரம் வெட்டி இழுக்கிறது என்றால் முகத்தின் உணர்ச்சி நரம்பில் (ட்ரைஜெமினல்) கோளாறாக இருக்கலாம். நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். இந்த வலிக்காக நல்ல பற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டவர்கள் உண்டு.

காரணம் தெரிந்துவிட்டது, அடுத்து என்ன?

மறு சிகிச்சையில் கேப்பைக் கழற்றி, பழைய அடைப்பைச் சூட்டாலும் கரைப்பானாலும் இளக்கி எடுத்து, குழாய்களை மறுபடி நுனிவரை திறந்து, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவிக் கழுவிச் சுத்தம் செய்வார்கள். இது முதல் முறையைவிடக் கடினம். தோல்வியடைந்த வேர்களில் அடிக்கடி காணப்படும் எண்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற கிருமி உணவில்லாமலும் நீண்ட காலம் தாக்குப்பிடிக்கும், உள்ளே வைக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தையும் ஓரளவு தாங்கும். போதாததற்கு வேர்க்குழாய் நுனியில் ஒற்றைக் குழாயாக முடிவதில்லை. கல்லணை தாண்டிய காவிரி போலப் பல கிளைகளாகப் பிரிகிறது. அந்தக் கிளைகளுக்குள் ஃபைல் போகாது, கரைசல்தான் போக வேண்டும். அதனால் நேரம் எடுக்கும். முதல் முறை சுமார் பத்துக்கு எட்டு ஒன்பது பற்கள் நன்றாக வருகின்றன என்றால், மறுமுறை ஏழெட்டு என்று எதிர்பார்க்கலாம். மோசமான வாய்ப்பு இல்லை.

உள்ளே நல்ல கம்பியும் நல்ல கேப்பும் இருந்து, அவற்றைக் கழற்றினால் பல்லே உடையும் என்றால் மறுபக்கத்திலிருந்து போகலாம். ஈறைத் திறந்து வேரின் நுனியில் 3 மில்லிமீட்டரை வெட்டி எடுத்து, வெட்டிய முகத்தை எம்.டி.ஏ. என்ற சிமெண்டால் அடைப்பார்கள். 1990களில் அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் டொராபினெஜாட் உருவாக்கிய பொருள் இது. ஈரத்திலும் இறுகும் என்பதால் இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது.

பல்லை எடுப்பது கடைசி வழி. வேர் பிளந்திருந்தால், கேப் பிடித்து நிற்க ஈறுக்கு மேலே பல் மிச்சமில்லை என்றால், சுற்றி எலும்பு போய்ப் பல் ஆடினால் எடுத்துவிடலாம். இந்த மூன்றும் இல்லாத பல்லை "எடுத்துட்டு இம்ப்ளாண்ட் போட்டுடலாம்" என்று முதல் சந்திப்பிலேயே சொன்னால், இன்னொருவரிடம் கருத்துக் கேளுங்கள்.

யாரிடம் போவது? வேர் சிகிச்சையில் எம்.டி.எஸ். மேற்படிப்பு முடித்தவரிடம், மைக்ராஸ்கோப் வசதி உள்ள இடமாக இருந்தால் நல்லது. தனியாரில் செலவு தாங்காது என்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் போகலாம். சென்னையில் கோட்டை ரயில் நிலையம் அருகே இருக்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இதற்கெனத் தனித் துறையே உண்டு. காத்திருக்க வேண்டியிருக்கும், பல தடவை போக வேண்டியிருக்கும், ஆனால் பேராசிரியர்களின் மேற்பார்வையில் நடக்கும்.

நாற்காலியில் உட்காருவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். முதல் முறை எதனால் தோற்றது என்று நினைக்கிறீர்கள்? விரிசல் இல்லை என்று எப்படி உறுதி செய்தீர்கள்? ரப்பர் டேம் போடுவீர்களா? மூன்றாவது கேள்வி பல்லைச் சுற்றி மாட்டும் ஒரு மெல்லிய ரப்பர் விரிப்பைப் பற்றியது. அது இல்லாமல் செய்தால், கழுவக் கழுவ எச்சிலில் இருக்கும் கிருமி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். முதல் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால், பழைய எக்ஸ்ரேக்களை எடுத்துக்கொண்டு வேறு ஒருவரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வீக்கமும் காய்ச்சலும் இல்லாதவரை அதற்கு ஓரிரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.